கை கட்டி நடந்த வாரம்

மின்னஞ்சல் வந்தபோது அவள் கவுண்டருக்குப் பின்னால் நின்று, மழையில் நனைந்து திரும்பியிருந்த ஒரு புத்தகத்தின் பக்கங்களுக்கு நடுவே காகிதத் துண்டுகளைச் செருகிக்கொண்டிருந்தாள். அனுப்பியவர் யார் என்று பார்த்ததும் கை பாதியில் நின்றுவிட்டது. அவள் கட்டுரை அனுப்பியிருந்த ஆய்விதழின் ஆசிரியர்.

"வந்துடுச்சுக்கா" என்றாள்.

"யாரு?" கவுண்டர் அக்கா வாசலை எட்டிப் பார்த்தார். இரவல் மேசையில் உட்கார்ந்த நாளிலிருந்து அந்தப் பல்கலைக்கழக நூலகத்தில் எல்லோருக்கும் அவர் கவுண்டர் அக்காதான்.

"ஆளு இல்லக்கா. என் பேப்பருக்குப் பதில்."

"படி."

"பயமா இருக்கு."

"பேய்ப் படமா ஓடுது? படிடி, டாக்டரம்மா."

பட்டம் வருவதற்கு முன்பே அந்தப் பட்டப்பெயர் வந்துவிட்டிருந்தது. பகலில் உதவி நூலகர், மிச்ச நேரத்தில் ஆய்வு மாணவி. ஆய்வுக்குப் பதிவு செய்த காலம் இந்த ஆண்டோடு முடிகிறது. ஒரு கட்டுரையாவது ஆய்விதழில் அச்சேறாமல் ஆய்வேட்டைக் கொடுக்க முடியாது. கொடுக்காவிட்டால் எல்லாவற்றையும் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். ஆக, அந்த மின்னஞ்சலுக்குள் பேய் இருக்க வாய்ப்பு இருந்தது.

அவள் எழுதியது வழி தவறிய புத்தகங்களைப் பற்றி. ரேக்கில் தனக்குரிய இடத்தை விட்டு வேறு இடத்தில் செருகப்பட்ட புத்தகம் தொலைந்த புத்தகத்துக்குச் சமம். கம்ப்யூட்டரில் கேட்டால் 'உள்ளே இருக்கிறது' என்று சாதிக்கும். கால் வலிக்கத் தேடினாலும் கண்ணில் படாது. அப்படிக் கிடக்கும் புத்தகம் என்ன ஆகிறது? எவ்வளவு காலம் அங்கேயே கிடக்கும்? யார் அதைப் பார்த்து வீட்டுக்கு அனுப்புகிறார்கள்? சிறு வயதில் காணாமல் போன பூனைக்குட்டியைப் பற்றிக் கேட்பதுபோல்தான் அவள் இதைக் கேட்கத் தொடங்கினாள். பிறகு அது ஆய்வாகிவிட்டது.

செய்முறை எளிது. கவுண்டர் அக்கா ஒவ்வொரு மாடியிலும் சில புத்தகங்களை வேண்டுமென்றே இடம் மாற்றி வைப்பார். நூலகம் மூடியதும் போய் எவை அங்கேயே இருக்கின்றன, எவை சரியான இடத்துக்குத் திரும்பிவிட்டன என்று பார்த்துக் குறித்துக்கொள்வார். எந்தப் புத்தகங்கள் என்று அவளுக்குக்கூடத் தெரியாது. தெரிந்தால் அவள் கண் அங்கேயே போகும், ஆய்வு கெட்டுவிடும். ஊழியர்கள் எல்லோரும் அந்தக் காலம் முழுவதும் இடம் மாறிய எந்தப் புத்தகத்தையும் தொடக் கூடாது என்று ஒப்புக்கொண்டிருந்தார்கள்.

முடிவு அவளே எதிர்பாராதது. சட்டம், வேதியியல், பொறியியல் மாடிகளில் வழி தவறிய புத்தகங்கள் வைத்தது வைத்தபடி கிடந்தன. மூன்றாம் மாடியில் மட்டும், மொழிபெயர்ப்பு நாவல்கள் இருக்கும் மாடியில், பெரும்பாலானவை ஓரிரு நாளில் வீடு திரும்பிவிட்டன.

அந்த மாடிதான் அவளுக்குச் சொந்த ஊர்போல. மதிய இடைவேளையில் ஜன்னலோரம் உட்கார்ந்து, வாழ்நாளில் பார்க்கப்போகாத ஊர்களின் பனியையும் புழுதியையும் அவள் அங்கேதான் வாசித்தாள். அதனால் கட்டுரையின் முடிவில் ஒரு வாக்கியம் தானாகவே வந்து உட்கார்ந்துகொண்டது: 'அந்நிய நிலங்களின் கதைகளைப் படிப்பவர்கள், வழி தவறிய ஒன்றைக் கண்டால் அதை வீட்டில் கொண்டுபோய்ச் சேர்க்காமல் விடுவதில்லை.' "இது கட்டுரையாம்மா, கவிதையாம்மா?" என்று அவளுடைய நெறியாளர் தலையைச் சொறிந்தார். ஆனால் அந்த வரியை அடித்து நீக்கவில்லை.

மின்னஞ்சலைத் திறந்தாள். கட்டுரையை இரண்டு மதிப்பீட்டாளர்கள் படித்திருந்தார்கள். யார் என்று அவளுக்குத் தெரியாது, அவள் யார் என்று அவர்களுக்கும் தெரியாது. முதலாமவர் ஓர் அட்டவணையின் தலைப்பு கோணலாக இருக்கிறது என்று மட்டும் சொல்லியிருந்தார். இரண்டாமவர் எழுதியது ஒரே கேள்வி.

'புத்தகங்களைத் திருப்பி வைத்தவர்கள் வாசகர்கள்தாம் என்று கட்டுரையாளருக்கு எப்படித் தெரியும்?'

"அவ்வளவுதானா?" என்றார் அக்கா.

"அவ்வளவுதான்."

"ஒரு வரிக்கா முகம் இப்படிப் பேயறைஞ்ச மாதிரி ஆயிடுச்சு?"

அந்த ஒரு வரியை அவள் மறுபடி படித்தாள். யாரும் பார்க்கவில்லை. புத்தகம் நகர்ந்ததை அக்கா பார்த்தார். நகர்த்திய கையை யாரும் பார்க்கவில்லை. ஊழியர்கள் தொட மாட்டேன் என்றார்கள், அதனால் வாசகர்கள் என்று எழுதிவிட்டாள்.

டிராலியைத் தள்ளிக்கொண்டு வந்தவர் நின்றார். புத்தகங்களை ரேக்கில் அடுக்குபவர். புத்தகம் அவர் கையில் தானாக வந்து ஒட்டிக்கொள்ளும் என்பதால் அவருக்குக் காந்தம் என்று பெயர்.

"அண்ணே, மூணாவது மாடியில நீங்க எதையாவது எடுத்து வெச்சீங்களா?"

"நானா? தொட மாட்டேன்னு கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்கேன், தாயி. நெருப்பைத் தொட்டாலும் தொடுவேன், அதைத் தொடுவேனா?" அவர் டிராலியைச் சற்று வேகமாகவே தள்ளிக்கொண்டு போனார்.

அவள் அதைக் கவனிக்கவில்லை. இரண்டாமவர்மேல் கோபமாக இருந்தாள். அந்த ஆளுக்கு நாவல் படிக்கிற பழக்கமே இருக்காது என்று தீர்மானித்துக்கொண்டாள்.

மாலையில் வீட்டுச் சமையலறையில் அண்ணியிடம் அந்தக் கோபத்தை முழுவதும் கொட்டினாள். அண்ணன் வீட்டில்தான் அவள் இருக்கிறாள். அண்ணி மருத்துவமனையில் செவிலி. வேலை முடிந்து வந்து, கழுவிய கரண்டிகளைத் துணியால் துடைத்து இழுப்பறையில் போட்டுக்கொண்டிருந்தார். இழுப்பறையில் மூன்று தடுப்புகள். ஸ்பூனுக்கு ஒன்று, முள்கரண்டிக்கு ஒன்று, கத்திக்கு ஒன்று.

"பொருளை இடம் மாத்தி வெச்சுட்டு யாரு எடுத்து வெக்கிறாங்கன்னு பாக்கறதுக்குப் பட்டம் தர்றாங்கன்னா, உங்கண்ணனுக்கு இந்நேரம் மூணு டாக்டர் பட்டம் வந்திருக்கணும்" என்றார் அண்ணி. "இன்னைக்கு வண்டிச் சாவி எங்க இருந்துச்சு தெரியுமா? ஃப்ரிட்ஜுல. முட்டைக்குப் பக்கத்துல."

"கேலி பண்ணாதீங்க அண்ணி. எல்லாரும் தொடலைன்னு சொல்றாங்க. அப்புறம் வாசகர்தானே? வேற யாரு? அந்த ரிவ்யூவருக்கு மனுஷங்க மேல நம்பிக்கையே கிடையாது. ரேக்கைப் பார்த்தா நம்பர் மட்டும்தான் தெரியும்போல. ஒரு புத்தகம் தன்னோட இடத்தை விட்டுட்டு அநாதையா நிக்கிறதைப் பார்த்தா மனசு அடிச்சுக்கும்னு..."

"குட்டி."

"...அந்த ஆளுக்கு எங்க புரியப்போகுது? ஒரு நல்ல நாவல் படிச்சவனுக்கு..."

"குட்டி, நிறுத்து. இப்ப என்ன பண்ணின?"

"என்ன பண்ணினேன்? பேசிக்கிட்டு இருக்கேன்."

"கையால என்ன பண்ணின?"

அவள் கையைப் பார்த்தாள். வெறுங்கை. அண்ணி ஒரு முள்கரண்டியை எடுத்து ஸ்பூன்களின் நடுவே போட்டார். "சரி, பேசு. அந்த ஆளு என்ன கேட்டான்?"

"என்ன கேட்டான்னா, வாசகர்தான்னு எப்படித் தெரியும்னு..." என்று தொடங்கியவள் வாக்கியத்தை முடிப்பதற்குள் முள்கரண்டி தன் தடுப்புக்குப் போய்விட்டிருந்தது. இந்த முறை கடைசி நொடியில் அவளே பார்த்துவிட்டாள். தன் விரல்கள் அதை விட்டுவிட்டு இழுப்பறையிலிருந்து வெளியே வந்துகொண்டிருந்தன, வேலை முடிந்து வீட்டுக்குக் கிளம்பும் ஆட்களைப்போல.

"முதல்ல ஒண்ணு வெச்சப்பவே பார்த்தேன்" என்றார் அண்ணி. "நான் அசதியில மாத்திப் போட்டேன். நீ பேச்சை நிறுத்தாமலே எடுத்து வெச்ச. எங்க வார்டுல புதுசா வர்ற பொண்ணுங்ககிட்ட மருந்து குடுத்தியான்னு கேட்டா, குடுத்தேனா இல்லையான்னு முழிப்பாங்க. கை குடுத்திருக்கும், மனசுக்குத் தெரியாது. அதுக்குத்தான் உடனே எழுதி வெக்கச் சொல்றது."

அவள் ஸ்டூலில் உட்கார்ந்தாள். மூன்றாம் மாடி. ஜன்னலோரம். தினமும் மதியம். ரேக்குகளுக்கு நடுவே நடந்து, முதுகுகளைத் தடவிக்கொண்டே, அன்றைக்கு எதைப் படிக்கலாம் என்று யோசித்துக்கொண்டே.

"அண்ணி" என்றாள் மெதுவாக. "அது நானாத்தான் இருக்குமோ?"

மறுநாள் காலை கவுண்டர் அக்காவை மூன்றாம் மாடிக்கு அழைத்துப் போனாள். "ஏதாவது ஒரு புத்தகத்தை இடம் மாத்தி வெச்சுட்டு வாங்கக்கா. எதுன்னு சொல்லாதீங்க. அப்புறம் நான் பேசிக்கிட்டே நடப்பேன், பின்னாலயே வந்து என் கையை மட்டும் பாருங்க."

"கை ஜோசியமா? சரி, நட."

அவள் நடந்தாள். முந்தின வாரம் படித்து முடித்த நாவலைப் பற்றிப் பேசினாள். ஆறு உறைந்துபோன ஓர் ஊரில், பனி உருகட்டும் என்று படகிலேயே உட்கார்ந்திருக்கும் படகோட்டி. ஆற்றின்மேல் எல்லோரும் நடந்தே போகிறார்கள். அவன் மட்டும் துடுப்புக்கு எண்ணெய் தடவிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். அவனுடைய மாமியார் தினமும் கரைக்கு வந்து திட்டிவிட்டுப் போகிறாள். சொல்லச் சொல்ல அவளுக்கே அந்தக் குளிர் தோளில் வந்து அமர்ந்தது. வரிசையின் முனையில் திரும்பி, அடுத்த வரிசைக்குள் நுழைந்து, பாதித் தூரம் போயிருப்பாள்.

அக்கா செருமினார். "டாக்டரம்மா, கையில என்ன?"

கையில் ஒரு நாவல் இருந்தது. தீவு நாட்டு நாவல். அதைப் பனி நாட்டு வரிசையிலிருந்து எடுத்திருக்கிறாள். எப்போது எடுத்தாள் என்று தெரியவில்லை. அவள் நின்ற இடம் தீவு நாடுகளின் ரேக். இன்னும் ஒரு கை நீளத்தில் அதன் சரியான இடம், ஒரு பல் விழுந்த இடைவெளிபோலக் காத்திருந்தது.

"சிரிக்காதீங்கக்கா."

"நான் எங்க சிரிச்சேன்? வயித்தைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறேன்." அக்கா ரேக்கில் சாய்ந்துகொண்டார். "கண்ணைக் கட்டி விட்டா உன்னைக் கட்டிப்போட்ட மாதிரின்னு நினைச்சோம். உன் கையை யாரு கட்டினா? தெரிஞ்சதாலதான் நான் மட்டும் தப்பிச்சேன். இது நான் வெச்ச புக்குன்னு தெரியும், அதனால தொடலை."

சிரிப்புச் சத்தம் கேட்டுக் காந்தம் டிராலியோடு வந்தார். விஷயத்தைக் கேட்டதும் அவர் முகம் சுருங்கியது. சட்டைப் பித்தானைத் திருகினார்.

"தாயி, நேத்து நான் சொன்னது முழு உண்மை இல்ல. ஒண்ணே ஒண்ணுதான் எடுத்து வெச்சேன்."

"அண்ணே!"

"தலைகீழா வேற இருந்துச்சு. எப்படி விட்டுட்டுப் போறது? அப்புறம் இன்னொண்ணு. அதுக்கப்புறம் நான் எண்ணலை." அவர் குரலைத் தாழ்த்தினார். "ஆனா இந்த மாடியில மட்டும்தான். மத்த மாடிக்கு டிராலி லிஃப்டுல போகும், நான் நேரா என் வேலையைப் பார்த்துட்டு இறங்கிடுவேன். இங்கதான் தினமும் நடக்க வேண்டியிருக்கு."

"இங்க மட்டும் என்ன?"

"டீ குடிக்க வேற வழி ஏது?"

மூவரும் ஒரே நேரத்தில் திரும்பிப் பார்த்தார்கள். மாடியின் கோடியில் ஊழியர்களின் தேநீர் அறைக் கதவு பாதி திறந்து கிடந்தது. உள்ளே கெட்டில் சீறிக்கொண்டிருந்தது. கட்டடத்தில் இருப்பது அந்த ஒரு தேநீர் அறைதான். காவலாளி முதல் தலைமை நூலகர்வரை அங்கே போக வேண்டுமென்றால், மொழிபெயர்ப்பு நாவல்களின் நடுவே நடந்துதான் போக வேண்டும்.

அந்நிய நிலங்களின் கதைகள், வழி தவறியதைக் கண்டால் தாங்காத மனம், எல்லாம் போய், டீக்குப் போகிற பாதை மிஞ்சியது.

நெறியாளருக்குப் போன் செய்தாள். அவர் எப்போதும்போல் எதையோ மென்றுகொண்டே பேசினார். முழுவதையும் கேட்டுவிட்டுப் பெருமூச்சு விட்டார்.

"இதுல தப்பு ஒண்ணும் இல்லம்மா. அந்த மாடியை மட்டும் கட்டுரையிலிருந்து எடுத்துடு. மத்த மாடியில புத்தகம் அசையவே இல்லைன்னு இருக்கே, அதுவே ஒரு முடிவுதான். சின்னதா இருக்கும், ஆனா அச்சாகும். உனக்கு இப்ப வேண்டியது அச்சு."

"ஏன் எடுத்தேன்னு கேட்பாங்களே சார்?"

"மாடியின் அமைப்பு வேறுன்னு ஒரு வரி. பொய் இல்லையே."

பொய் இல்லைதான். அந்த ஒரு வரியை எழுதி அனுப்பினால் ஆய்வேடு காப்பாற்றப்படும். அண்ணன் சாவியைத் தேடுவதுபோல் அவள் அந்த மதியம் முழுவதும் தனக்குள் எதையோ தேடிக்கொண்டிருந்தாள். கடைசியில் கிடைத்தது கோபம் அல்ல, ஆர்வம். இரண்டாமவரின் கேள்வி இன்னும் அப்படியே நின்றது. ஊழியர்களின் கைகளை எடுத்துவிட்டால்? அப்போதும் ஒரு புத்தகமாவது வீடு திரும்புமா? இதைத் தெரிந்துகொள்ளாமல் பட்டம் வாங்கி என்ன செய்வது?

ஆசிரியருக்கு நடந்ததை நடந்தபடி எழுதினாள். தன் கை, காந்தத்தின் கை, தேநீர் அறை, எல்லாவற்றையும். மூன்றாம் மாடியை மட்டும் மறுபடி செய்துபார்க்க அவகாசம் கேட்டாள். அவகாசம் கிடைத்தது, ஆனால் குறைவாக. 'புதிய தரவு இல்லையென்றால் கட்டுரையை ஏற்க இயலாது' என்றும் கூடவே வந்தது. நெறியாளரிடம் சொன்னபோது மெல்லுவது ஒரு நொடி நின்றது. "தானே போய்ப் பள்ளத்துல விழறவளை என்னம்மா பண்றது? சரி, விழு. கட்டுரையில என் பேரும் இருக்கே, கூடவே நானும் விழறேன்" என்றார்.

தலைமை நூலகரிடம் அனுமதி கேட்கப் போனாள். மேடம் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துக்கொண்டு கேட்டார்.

"எடுத்து வெச்சதை எல்லாரும் ஒத்துக்கிட்டாங்களா?"

"காந்தம் அண்ணனும் நானும் ஒத்துக்கிட்டோம் மேடம்."

மேடம் கண்ணாடியைத் துடைத்தார். மறுபடி துடைத்தார். "ஒரு நாள் ஒரு புத்தகம் வெளியே நீட்டிக்கிட்டு இருந்துச்சு. உள்ளே தள்ளினேன். அதுல தப்பில்லையே?"

"இல்ல மேடம்."

"தள்ளினப்ப நம்பர் தப்புன்னு தெரிஞ்சுது. அதனால..." அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "சரி. என் கையையும் சேர்த்துக் கட்டு. என்ன செய்யணும்?"

யோசனை அண்ணியுடையது. புத்தகத்தைத் தொடாதே என்று கையிடம் சொல்லிப் பயனில்லை, கைக்கு வேறு வேலை கொடு என்றார். அதன்படி, அந்த வாரம் முழுவதும் மூன்றாம் மாடியில் எந்த ஊழியரும் கையை வீசி நடக்கக் கூடாது. போகும்போது மார்பின் குறுக்கே கை கட்டிக்கொண்டு போக வேண்டும். திரும்பும்போது இரண்டு கைகளாலும் கோப்பையைப் பிடித்துக்கொண்டு வர வேண்டும். இரவலிலிருந்து திரும்பி வந்த அந்த மாடி நாவல்கள் கவுண்டரிலேயே டிராலியில் காத்திருக்கும். அவள் மதியம் அங்கே போகவே கூடாது. கடைசி விதிதான் அவளுக்குச் சுட்டது.

முதல் நாள் பார்க்க வேண்டிய காட்சி. காந்தம் கை கட்டிக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் தண்டனை வாங்கியவர்போல ரேக்குகளின் நடுவே நடந்தார். பின்னால் மேடம், அதே மாதிரி. அவர்களுக்குப் பின்னால் காவலாளி. படித்துக்கொண்டிருந்த மாணவி ஒருத்தி நிமிர்ந்து பார்த்தாள்.

"அண்ணே, யாராவது தவறிட்டாங்களா?"

"இல்லம்மா. டீக்குப் போறோம்."

மறுநாள் சில மாணவர்களும் கை கட்டி நடந்தார்கள். புது விதிபோல என்று நினைத்துவிட்டார்கள். கவுண்டர் அக்கா போய், உங்களுக்கு அது இல்லை, நீங்கள் பாட்டுக்கு இருங்கள் என்று ஒவ்வொருவராகச் சொல்ல வேண்டியிருந்தது.

"கஷ்டமா இருக்கு தாயி" என்றார் காந்தம். "அந்த மூணாவது வரிசையில ஒண்ணு தப்பா நிக்குது. போறப்பவும் பார்க்குது, வர்றப்பவும் பார்க்குது. டீ தொண்டையில இறங்க மாட்டேங்குது."

"சொல்லாதீங்கண்ணே! எந்த வரிசைன்னு எனக்குத் தெரியக் கூடாது."

"சரி, சொல்லல. ஆனா பாவம், ஒல்லியா இருக்கு."

நாட்கள் போயின. அக்கா ஒவ்வொரு நாளும் மூடும் நேரத்தில் மாடிக்குப் போய்விட்டு வந்து உதட்டைப் பிதுக்கினார். வைத்தது வைத்த இடத்தில். சட்ட மாடியைப்போல, வேதியியல் மாடியைப்போல. மூன்றாம் மாடிக்கென்று தனி மகிமை ஒன்றும் இல்லை. வாசகர்கள் வந்தார்கள், வேண்டியதை எடுத்தார்கள், போனார்கள். வழி தவறியதை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. வாரத்தின் கடைசி நாளுக்கு முந்தின மாலை அவள் வீட்டுக்கு வந்து, பையைக்கூட இறக்கிவைக்காமல் சமையலறைக்குப் போனாள்.

அண்ணி தட்டுகளைத் துடைத்துக்கொண்டிருந்தார். இவள் முகத்தைப் பார்த்துவிட்டு ஒரு துணியை நீட்டினார். இருவரும் துடைத்தார்கள். அப்போது அண்ணன் வந்தார், வழக்கம்போல எதையோ தேடிக்கொண்டு.

"என் கண்ணாடியை யாராவது பார்த்தீங்களா?"

"நெத்தியில இருக்கு" என்றார் அண்ணி.

"ஓ." அண்ணன் நெற்றியைத் தடவிக் கண்ணாடியை இறக்கிக்கொண்டார். தண்ணீர் குடித்தார். குடித்துக்கொண்டே, திறந்து கிடந்த இழுப்பறையைப் பார்த்தார். ஸ்பூன்களின் நடுவே கிடந்த ஒரு முள்கரண்டியை எடுத்து, அதன் தடுப்பில் போட்டுவிட்டு, இழுப்பறையை முழங்கையால் மூடிவிட்டு வெளியே போனார்.

நாத்தனாரும் அண்ணியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"நீங்க வெச்சீங்களா, அண்ணி?"

"வேணும்னு வெக்கலை. தவறி விழுந்திருக்கும்." அண்ணிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "பத்துப் பொருத்தமும் பார்த்துத்தான் கட்டிக்கிட்டேன். இந்தப் பொருத்தம் இன்னைக்குத்தான் தெரியுது. சாவியை முட்டைகிட்ட வெக்கிற மனுஷன்!"

"அண்ணா" என்று அவள் கூடத்தைப் பார்த்துக் கத்தினாள். "இப்ப என்ன பண்ணினீங்க?"

"தண்ணி குடிச்சேன்" என்றது கூடம்.

மறுநாள், வாரத்தின் கடைசி நாள். மாலை மணி அடித்து, வாசகர்கள் இறங்கிப் போனதும் அக்கா மாடிக்குப் போனார். கீழே கவுண்டரைச் சுற்றி அவளும் காந்தமும் மேடமும் நின்றார்கள். இன்னும் கை கட்டிக்கொண்டே நின்றார்கள், பழக்கமாகிவிட்டது. அக்கா வழக்கத்தைவிட அதிக நேரம் எடுத்துக்கொண்டார். படியில் அவருடைய செருப்புச் சத்தம் கேட்டபோது அது ஓடி வருகிற சத்தமாக இருந்தது.

"ஒல்லியானது!" என்றார் மூச்சு வாங்க. "மூணாவது வரிசையில வெச்சேனே, அது அங்க இல்ல. அதோட இடத்துல இருக்கு. அது மட்டுமில்ல, அந்தக் கோடி ரேக்குல இருந்த இன்னொண்ணும் போயிடுச்சு. ரெண்டும் வீட்டுக்குப் போயாச்சு."

அவள் காந்தத்தைப் பார்த்தாள்.

"நான் இல்ல! சத்தியமா! வேணும்னா கையை மோந்து பாரு, சட்டை வாசனைதான் வரும். வாரம் பூரா அக்குள்லயே இருந்துச்சு."

அவள் மேடத்தைப் பார்த்தாள். மேடம் இரண்டு உள்ளங்கைகளையும் விரித்துக் காட்டினார். ஒரு தலைமை நூலகர் அப்படி நின்று யாரும் பார்த்ததில்லை. வாசலிலிருந்து காவலாளியும் தன் கைகளைத் தூக்கிக் காட்டினார், யாரும் கேட்காமலே.

"ரெண்டே ரெண்டுதானே" என்றார் மேடம்.

"ரெண்டு மேடம்!" என்றாள் அவள். அந்த இரண்டுக்கும் நடுவே எங்கோ ஒருவர் இருந்தார். இருவராகவும் இருக்கலாம். படித்து முடித்த கதையின் மயக்கத்தில், எதையோ யோசித்துக்கொண்டே நடந்து, ஒரு புத்தகத்தை எடுத்து அதன் இடத்தில் வைத்துவிட்டு, வைத்ததே தெரியாமல் வீட்டுக்குப் போய்விட்ட ஒருவர். கேட்டால் 'தண்ணீர் குடித்தேன்' என்பார்.

கட்டுரையைத் திரும்ப எழுதினாள். பழைய கடைசி வாக்கியத்தை அவளே அடித்தாள். மனசுக்கு வலித்தது, ஆனால் அடித்தாள். அந்த இடத்தில் எழுதியது இதுதான்: பெரும்பாலான புத்தகங்கள் கிடந்த இடத்திலேயே கிடக்கின்றன. நூலக ஊழியர்கள் நடக்கும் பாதையில் இருப்பவை, ஊழியர்களே அறியாமல், திரும்பி வந்துவிடுகின்றன. எனவே இப்படி ஆய்வு செய்பவர்கள் முதலில் தங்கள் கைகளைக் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும். இவை போக, மிகச் சிலவற்றை யாரோ திருப்பி வைக்கிறார்கள். யார் என்று தெரியவில்லை. நெறியாளர் படித்துவிட்டு, "இப்பத்தான் கட்டுரை" என்றார். பிறகு, மென்றுகொண்டே, "கவிதையும் கொஞ்சம் இருக்கு, பரவாயில்ல" என்றார்.

ஆசிரியரின் பதில் வந்தது ஒரு சாதாரண நாளில், கூட்டம் நெரியும் நேரத்தில். இந்த முறை அக்காவே எட்டிப் பார்த்துப் படித்தார். முதலாமவர் அட்டவணையின் தலைப்பு இப்போது நேராக இருக்கிறது என்று பாராட்டியிருந்தார். இரண்டாமவர் எழுதியிருந்ததை அக்கா சத்தமாகவே படித்தார்.

'கைகளைப் பற்றிய பகுதியைப் படித்து முடித்தபோது, என் மேசையில் காலையிலிருந்து தலைகீழாகக் கிடந்த ஓர் அகராதி நேராக இருப்பதைக் கண்டேன். அறையில் நான் மட்டுமே இருந்தேன். கட்டுரையை வெளியிடலாம்.'

வரிசையில் நின்ற மாணவர்களுக்கு, கவுண்டருக்குப் பின்னால் இத்தனை பேர் ஏன் குதிக்கிறார்கள் என்று புரியவில்லை. "யாருக்கா அந்த ரெண்டாவது ஆளு?" என்று கேட்டார் காந்தம். அது யாருக்கும் தெரியாது, தெரியவும் கூடாது. "யாரா இருந்தா என்ன, நம்ம சாதிசனம்தான்" என்றார் அக்கா.

மதியம் அவள் மூன்றாம் மாடிக்குப் போனாள். நாள் கணக்கில் பார்க்காத ஜன்னல் அங்கேயே இருந்தது. படகோட்டியின் கதைக்குப் பக்கத்தில், அந்த எழுத்தாளருடைய இன்னொரு நாவல் இருக்க வேண்டும். தேடினாள். இல்லை. கம்ப்யூட்டர் உள்ளே இருக்கிறது என்றுதான் சொல்லியிருந்தது. மூன்று வரிசை தள்ளி, பாலைவன நாடுகளின் நடுவே, நீல முதுகோடு அது நின்றுகொண்டிருந்தது. இதை அக்கா வைக்கவில்லை. ஆய்வு முடிந்துவிட்டது. இது உண்மையாகவே வழி தவறியது.

கை எழுந்தது. அது எழுவதை இந்த முறை அவள் முழுவதும் பார்த்தாள். தடுக்கவில்லை. புத்தகத்தை எடுத்து, அதன் இடம்வரை கொண்டு போனாள். பிறகு உள்ளே செருகாமல், ஜன்னலோரம் போய் உட்கார்ந்து, முதல் பக்கத்தைத் திறந்தாள்.